மறைவுக்கு நிற்பவள்

பஞ்சாயத்து ஆபீஸ் கதவைத் திறந்தேன். என் மேஜைக்கு எதிரே புது டிவி ஒன்று உட்கார்ந்திருந்தது. 2008, ஆடி மாசம். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் அங்கே கிளார்க், பெயர் சுந்தரபாண்டி. ஊர் முக்கில் லோடு களவு போகிறதென்று ஒரு பட்டாசு கம்பெனிக்காரர் தன் செலவில் கம்பம் நட்டு, உச்சியில் கேமரா மாட்டியிருந்தார். அதன் படம்தான் டிவியில் ஓடியது.

பெண்கள் எதிர்த்தார்கள். முக்கைத் தாண்டினால் கருவேலங்காடு. அவர்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. கம்பெனி வேலை முடிந்து, பொழுது மசங்கும்போது அங்கேதான் ஒதுங்கப் போவார்கள். ஒருத்தி முந்தானையை விரித்துப் பிடித்து ரோட்டைப் பார்த்து நிற்பாள்; மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் போவார்கள். மறைவுக்கு நிற்பது என்பார்கள்.

கிராமசபையில் முப்பது பேர் எழுந்து நின்றார்கள். அவர்களில் மாரித்தாய் என்பவள்தான் கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்த மிசினு எங்க பக்கம் பாக்குமா, பாக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"ரோடு மட்டுந்தான் தெரியும் தாயி," என்றேன்.

நம்பிக் கலைந்து போனார்கள்.

காடும் தெரிந்தது. ரோட்டில் போகிறவனுக்குத்தான் முந்தானை மறைவு. கம்பத்து உயரத்துக்கு அது மறைவே இல்லை. பஸ் வெளிச்சம் விழுந்தால் பதறி எழுந்து முகத்தை மூடிக்கொள்வார்கள். முதல் நாள் தற்செயலாகப் பார்த்தேன். மறுநாள் தற்செயல் இல்லை. இதை எழுதவே கை கூசுகிறது. கேமராவைத் திருப்ப ஒரு ஏணியும் ஐந்து நிமிஷமும் போதும். நான் திருப்பவில்லை.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் நூறு நாள் வேலை அட்டைக்காக மாரித்தாய் ஆபீசுக்கு வந்தாள். எட்டி டிவியை அணைப்பதற்குள் பார்த்துவிட்டாள். நின்ற நிலையிலேயே முந்தானையை இழுத்து உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

"இதயா பாத்துக்கிட்டு இருந்தீக?"

அவள் சத்தம் போடவில்லை. அட்டையையும் வாங்காமல் போய்விட்டாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் அத்தனை பேருக்கும் கூசுமே என்று நினைத்திருப்பாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் காட்டுப் பக்கம் போகவில்லை. கம்பெனிச் சுவருக்குப் பின்னால், கழிவு வெடிமருந்து கொட்டும் பள்ளத்துப் பக்கம் தனியாக ஒதுங்கப் போனாள்.

மூன்றாம் நாள் அவள் அங்கே இருக்கும்போதே அந்தப் பள்ளம் தீப்பிடித்தது.

மருந்து திருட வந்தவள் என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்தார்கள். திருடி என்ற பேரோடு அவளை எடுத்துப் போனார்கள். அவள் புருஷன் சீனிச்சாமி காரியம் முடிந்த கையோடு என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, அவ எதுக்கு அங்கன போனா? உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

அன்றைக்குச் சாயங்காலம் டிவியைப் போட்டேன். ஆமாம், அப்போதும் போட்டேன்.

ரோடு தெரியவில்லை. காடு தெரியவில்லை. திரை முழுக்கத் துணி. லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். இருபதடிக் கம்பம்; கேமராவின் மேல் ஒரு நூல்கூட இல்லை. திரும்பினால் அறையெல்லாம் கந்தக வாடை.

யாரோ முந்தானையை விரித்துப் பிடித்திருந்தார்கள்.

துணியில் கருகிய ஓட்டைகள். ஒரு ஓட்டை வழியே கருவேலஞ்செடி தெரிந்தது.

அதன் வழியாகவும் பார்த்தேன்.

மறுநாள் அந்த ஓட்டையில் ஒரு கண் இருந்தது.

அது இமைக்கவில்லை.

அன்று இரவு தூங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவாள் என்று மட்டும் தோன்றியது. விடிந்ததும் கம்பத்தடியில், கம்பெனி வண்டிக்குக் காத்திருந்த பெண்களுக்கு முன்னால் போய் நின்றேன். சீனிச்சாமியும் இருந்தான்.

"கேமராவுல காடும் தெரிஞ்சது. நான் பொய் சொன்னேன். மாரித்தாய் ஆபீசுல வந்து அதப் பாத்துட்டா. அதான் அங்கன ஒதுங்கப் போனா. களவுக்குப் போகல. போலீசுலயும் இதையே எழுதித் தாரேன்."

ஒருத்தியும் திட்டவில்லை. ஒவ்வொருத்தியாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

சீனிச்சாமி கிட்டத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"நீங்க பாத்தீகளா, அண்ணாச்சி?"

"சேச்சே. நான் எதுக்குப்பா பாக்கேன்?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அரிவாளோடு கம்பத்தில் ஏறி வயரை வெட்டி, கேமராவைக் கீழே போட்டான். நான் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். திருடி என்ற பேர் போயிற்று. மனசு லேசானது போலக்கூட இருந்தது. அந்த ஒரு பொய் யாருக்குத் தெரியப்போகிறது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். ஓலைத்தட்டிக்கு உள்ளே என் மனைவி வீரலட்சுமி குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது.

"ஏங்க, நீங்களா?" குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"நான்தான்."

"தட்டி ஓரத்துல ஒருத்தி சேலைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நிக்கா. யாருன்னு தெரியல."

"இங்கன யாரும் இல்லையே."

 அப்புறம் என் மனைவி, யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது போல, மெதுவாகச் சொன்னாள்.

"'பயப்படாமக் குளி தாயி, அந்தாளு போற வரைக்கும் நான் மறைவுக்கு நிக்கேன்'னு சொல்லுதா."