வைக்கோல் மூடிய நடுகல்

தென்பெண்ணையின் மணல்மேடுகளில் அந்திச் செம்மை மெல்ல அடங்க, குன்றவாணக் கோட்டை மதிலுக்குப் பின்னாலிருந்து முழுமதி எட்டிப் பார்த்த வேளையில், மாட்டு வணிகனைப் போல முண்டாசு கட்டிக் கம்பளி போர்த்திய வாலிபன் ஒருவன், ஆற்றங்கரையில் நின்ற நடுகற்களிடையே நடந்துகொண்டிருந்தான்.

மாட்டு வணிகனுக்கு நடுகல்லோடு என்ன பேரம் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. அவன் வணிகனல்லன், இடக்கை வாள்வீச்சில் பெயரெடுத்த எயினன். குன்றவாணரையருக்காக உயிரையும் விடுவதாக மறுநாள் காலை சத்தியம் செய்து, அவருடைய மெய்க்காவல் படையில் சேர இருப்பவன். அப்படிப்பட்ட தலைவரைப் பற்றி யாரிடம் விசாரிப்பது? அரண்மனையில் புகழ்வார்கள்; சந்தையில் வைவார்கள். ஆகவே, அவருக்காக மாண்டவர்களிடமே கேட்டுவிட வந்தான்.

ஒவ்வொரு கல்லிலும் எண்ணெய் மினுமினுத்தது, பூ வாடவில்லை. அருகே வயலிலிருந்து கரையேறிய விதவை ஒருத்தி, “என் புருசன் சிந்தின ரத்தத்துக்கு அரையர் கொடுத்த நிலம் ஐயா இது. இன்னிவரைக்கும் ஒருத்தரும் கை வைக்கலை” என்றாள்.

எயினன் உள்ளம் பூரித்தது. கோதைநங்கை சொன்னது மெய்தான்! அரண்மனையில் பூத்தொடுப்பவள் அவள். “எங்கள் அரையரும் இடக்கை வாள்காரர்; உம்மைக் கண்டால் விடமாட்டார்” என்று சொல்லி, அவன் கழுத்தில் தன் கையாலேயே புலிப்பல் ஒன்றைக் கட்டியவள்.

கரைக்கோடியிலிருந்த சிற்பியின் கொட்டகையில் வைக்கோல் மூடி ஒரு கல் கிடந்தது.

“இது யாருக்கு, சிற்பியாரே?”

கள்ளுண்ட சிற்பி சிரித்தான். “இன்னும் சாகாதவனுக்கு! நாளைக்குத்தான் வேலையிலேயே சேருகிறான், பாவம். அரையருடைய பல்லக்கில் திரைபோட்டு உட்கார வைப்பார்கள். இடக்கை வெளியே தெரிந்தால் போதும். வழியில் பதுங்கியிருக்கும் பகைவர் அரையரென்று நினைத்துக் குத்திவிட்டுப் போவார்கள். ஆனால் ஓய், மரியாதையில் குறை வைக்க மாட்டார் எங்கள் அரையர். கல்லுக்கு முன்னாடியே சொல்லிவிட்டார், பாரும்!”

எயினன் வைக்கோலை விலக்கினான். இடக்கையில் வாள். கழுத்தில் புலிப்பல்.

“இந்தப் பல்...?” என்று கல்லிலிருந்த அதை விரலால் தடவினான்.

“அதை மறந்துவிடாதே என்று அரையரின் தங்கை கோதைநங்கையார் இரண்டு தடவை ஆளனுப்பினார். மூஞ்சி எப்படியிருக்கும் என்றுதான் யாருமே சொல்லவில்லை!”

“இப்படி இருக்கும்.”

முண்டாசு அவிழ்ந்தது, கம்பளி நழுவியது. நிலவொளியில் புலிப்பல்லைக் கண்ட சிற்பியின் கையிலிருந்து கள் மொந்தை விழுந்து உடைந்தது.

எயினன் கயிற்றை அறுத்தான். “இதை உங்கள் இளவரசியிடம் கொடும். பூத்தொடுக்கும் பெண்ணொருத்தி தந்தாள். அவள்தான் இந்த ஊரிலேயே இல்லையே! கல்லிலுள்ள பல்லையும் சுரண்டிவிடும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அரையரும் இடக்கைக்காரர்தாமே? நாளை அந்தப் பல்லக்கில் அவரை ஏற்றி அனுப்பாமல் என் வாள் உறைக்குத் திரும்பாது. இது சத்தியம்!”