நூற்றைந்து டாலர் முகம்

மெழுகுத் தலைக்கு வியர்த்திருந்தது.

வெர்னா ஹாஸ்கெல் முதலில் அதை வெயிலின் வேலை என்றுதான் நினைத்தாள். பகல் இரண்டு மணி, மலைப்பக்கமிருந்து வீசும் வறண்ட காற்றில் கலபாசஸ் ஊர் முழுவதும் அடுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது; ஆனால் செத்த பாடகனின் வீட்டு மாடியிலிருந்த இந்த ஒப்பனை அறையில் ஏசி விடாமல் ஓடியது, முகப்பசையும் பழைய பவுடரும் கலந்த வாடையோடு குளிர் அவள் கணுக்காலில் ஏறிக்கொண்டிருந்தது, அப்படியிருக்க அந்த மெழுகு மேலுதட்டில் மட்டும் எப்படிப் பொடிப்பொடியாக நீர்? விரலால் துடைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. சீ, கருமம் என்று கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டாள்.

பாடகன் லொனெல் பிரைட்டின் முகத்தை அச்செடுத்து வார்த்த தலை அது. உயிரோடிருந்தபோது நாற்பது கோடி டாலர் சம்பாதித்து, அத்தனையும் கரைத்து, பெயர் நாறி, கடனோடு செத்தான் மனுஷன். செத்த ஒன்பது மாதத்தில் அதைவிட அதிகம் சம்பாதித்துவிட்டான். இன்றைக்குப் பிறந்தநாள் வேறு. வெளிக்கதவருகே ரசிகர்கள் காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் வாரிசு வரிக்கு, செத்த அன்று எது என்ன விலை போகும் என்பதுதான் கணக்கு; விலை குறைந்தால் வரியும் குறையும். சொத்துக்கு விலை போடுவது வெர்னாவின் தொழில். பெயருக்கும் முகத்துக்கும் சேர்த்து நூற்றைந்து டாலர் என்று போட்டிருந்தாள். அது பச்சைப் பொய் என்று அவளுக்கே தெரியும். படிவம் கொடுக்க நாளைதான் கடைசி நாள்.

லொனெலின் அண்ணனும் ஒரே வாரிசுமான ட்ரூமன் உள்ளே வந்தான்.

"இன்னும் கையெழுத்துப் போடலையா?"

"ட்ரூமன், நூத்தஞ்சு ரொம்ப அநியாயம். வரி ஆபீஸ்காரன் சும்மா விடமாட்டான். கம்பி எண்ணப் போறது நான்தான்."

"அதுக்குத்தானே தாயி உனக்கு மூணு லட்சம் டாலர்?" அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். "சந்தை விலைன்னா என்ன, சொல்லு. நீதானே எனக்குப் பாடம் எடுத்த?"

"வாங்குறவனுக்கும் இஷ்டம்... விக்கிறவனுக்கும் இஷ்டம். யாருக்கும் கட்டாயமில்ல."

"ஆங். செத்த அன்னிக்கு இவன் மூஞ்சிய எவன் இஷ்டப்பட்டு வாங்கியிருப்பான்? இவனுக்குப் பன்னெண்டு வயசுல இந்தக் கையாலதான் தாடையப் பேத்தேன். பேத்த தாடையோடதான் அன்னிக்கு மேடையேறிப் பாடினான். அந்த மூஞ்சிக்கு நூத்தஞ்சே ஜாஸ்தி."

சொல்லி முடித்ததும் அவளை ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் படிவத்தில் சொட்டியது. வெர்னா கையெழுத்துப் போட்டாள். மானங்கெட்ட பிழைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு பக்கத்துக் குளியலறைக்குப் போய்த் தாழிட்டாள்.

குழாயடியில் வாயைக் கழுவும்போது முனகல் கேட்டது. வெளியே ரசிகர்கள் பாடும் அதே மெட்டு, ஆனால் மெதுவாக, மூடிய உதடுகளுக்குள்ளிருந்து, ஒப்பனை அறையில் யாரோ நடந்துகொண்டே முனகுவதுபோல. ட்ரூமனுக்குப் பாட்டே வராது. குழாயை மூடினாள். முனகல் நிற்கவில்லை.

"டேய்... லொனெல்?" ட்ரூமனின் குரல்.

நாற்காலி உருண்டது. மளுக்கென்று எலும்பு முறிந்தது. இன்னொரு முறை. பிறகு கோழிக்குத் தோலுரிக்கும் சத்தம். நெடுநேரம் நீண்டது அந்தச் சத்தம்.

அப்புறம் நிசப்தம்.

வெளியேற வேறு வழியில்லை. கதவைத் திறந்தாள்.

ட்ரூமன் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து தாடைவரை ஒன்றுமில்லை. சிவப்பு. பற்கள். விரித்த உள்ளங்கையில் ஒரு நூறு டாலர் நோட்டு, ஓர் ஐந்து டாலர் நோட்டு.

அவனுக்குப் பின்னால் ஜிகினாச் சட்டை போட்ட ஒருவன். கழுத்தில் மண். கண்ணாடியைப் பார்த்து ட்ரூமனின் முகத்தைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தான். அது வழுக்கித் தொங்கியது.

"அண்ணன் மூஞ்சி எனக்கு லூசா இருக்கு," என்றான். உரித்துத் தரையில் போட்டான். அடியில் இருந்ததை வெர்னாவால் பார்க்க முடியவில்லை. "உங்களது சரியா இருக்கும் மேடம்."

மேசைமேல் எண்ணி வைத்தான். ஒரு நூறு. ஓர் ஐந்து.

"எனக்கு இஷ்டமில்ல!" அலறினாள். "விக்க எனக்கு இஷ்டமில்ல!"

"என்கிட்ட யாரும்மா கேட்டாங்க?"

அவன் கையிலிருந்த கத்தி அவள் காதுக்குக் கீழே இறங்கியது. சூடு. பிறகு இழுப்பு. அவள் அவன் கையைக் கடித்தாள். மண். வாயை மூட உதடு இல்லை.

தரையில் கிடந்தாள். சாகவில்லை. இமைகள் போய்விட்டன, கண்ணை மூட முடியவில்லை. அவன் பசை தடவினான். ஓரங்களை அழுத்தினான். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு மாடி முகப்புக்கதவைத் திறந்தான்.

கீழே நூற்றுக்கணக்கானவர்கள் ஆனந்தத்தில் கூச்சலிட்டார்கள்.

வெயிலில் நின்று, அவளுடைய வாய் பாடத் தொடங்கியது.