பிடரி

படுக்கும்போது தலைமாட்டில் இருந்த விளக்கு, விழித்தபோது கால்மாட்டில் இருந்தது.

சித்தி கண்ணைத் திறந்தபடி அசையாமல் கிடந்தாள். கூடாரத்தின் பச்சைத் துணிக்கு அப்பால், குழாயடிக் கம்பத்தில் எரிகிற மஞ்சள் விளக்கு அது. இருட்டைக் கண்டால் சொப்பு அழுவாள் என்பதற்காகவே அதற்கு நேராகத் தலையணையைப் போட்டு, சாயங்கால வெளிச்சம் முழுசாக அடங்கும் முன்பே பிள்ளையை அணைத்துக்கொண்டு அசதியில் கண்ணயர்ந்திருந்தாள். தூக்கத்தில் புரண்டுவிட்டோமோ? மனுஷி புரளலாம். தலையணையும் போர்வையும், ஓரத்தில் ஜோடியாகக் கழற்றி வைத்த செருப்பும், மூலையில் சாய்த்த தண்ணீர் பாட்டிலும் கூடச் சேர்ந்தா புரளும்?

குழாய் சொட்டுகிற சத்தம்கூட எட்டத்தில் கேட்டது. படுக்கும்போது அது காதுக்குள் சொட்டியது.

சொப்பு பக்கத்தில்தான் இருந்தாள். நாலு வயதுப் பிள்ளை, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு பந்துபோல் தூங்கினாள். அவள் கழுத்தை ஒட்டி, மத்தியானம் மூன்று தரம் துரத்தியடித்த சாம்பல் பூனை படுத்திருந்தது. ஜிப் உள்ளிருந்து இழுத்து மூடியது மூடியபடியே இருந்தது.

கார் காலை வாரிவிட்டதால் வந்த வினை. புது ஊர், புது ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே பிரிவில் புது வேலை என்று பிள்ளையையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியவளுக்குக் காட்டுப் பாதையில் ரேடியேட்டர் புகைந்தது. "மாத்துற சாமான் நாளைக்குத்தான் வரும், பக்கத்துல டென்ட் வாடகைக்கு விடுற மைதானம் இருக்கு, ராத்திரி அங்க தங்கிக்குங்க" என்று காரை இழுத்துவந்து விட்டுவிட்டு மெக்கானிக் போய்விட்டான். இறங்கியதிலிருந்து அந்தப் பூனை சொப்புவின் காலைச் சுற்றியது. பிஸ்கெட்டைச் சட்டை செய்யவில்லை. பாலை மோந்துகூடப் பார்க்கவில்லை. மர பெஞ்சில் பிள்ளைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவள் தலைமுடியை ஒரே பக்கமாக நக்கி நக்கிப் படியவைத்தது. "கூசுது சித்தி" என்று சிரித்தாள் சொப்பு. அவள் அம்மா போனபிறகு சிரித்த முதல் சிரிப்பு அது. அதனால்தான் நாலாவது தரம் சித்தி அதைத் துரத்தவில்லை.

இப்போது பூனையின் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்தாள். அது கத்தவில்லை. புல்லில் நாலு காலும் ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தது. பிள்ளையை இல்லை. அவளை.

வெளியே வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கூடாரம் குழாயடியைத் தாண்டி, மைதானத்தின் மறுகோடியில், மரங்களை ஒட்டி இருந்தது. இரும்பு முளைகள் பழைய இடத்திலேயே மண்ணில் நின்றன, அறுந்த கயிறு ஒவ்வொன்றிலும் தொங்கியது. தரையில் இழுத்த தடம் இல்லை. ஒரு புல்கூட மடங்கவில்லை. கூடாரத்தின் உச்சியில் மட்டும் துணி ஒரு கைப்பிடி கொத்தாகச் சுருங்கி, நனைந்து, சளிபோல் எச்சில் வடிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். விரல் நுழைகிற அகலத்துக்குப் பக்கம்பக்கமாக ஓட்டைகள். புளித்த பாலும் பச்சை மாமிசமும் கலந்த வாடை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்து வாசலில் இருந்த காவல்காரரின் அறைக்கு ஓடினாள்.

"யாருங்க எங்க டென்டை நகர்த்தினது?"

காவல்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "நகர்த்தணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? பூனை உள்ள வந்துதா?"

"பூனைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வந்துதா இல்லையா, அதைச் சொல்லும்மா."

"வந்துது."

அவர் ஓரடி பின்னால் போனார். "பிள்ளை நீங்க பெத்ததா?"

"என்ன கேள்வி இது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அக்கா பொண்ணு. அக்கா இப்போ இல்ல. இவளுக்கு நான்தான் எல்லாம்."

"அதை நீங்க சொல்றீங்க. அது ஒத்துக்கணுமே."

பெற்றுப் பார்க்காதவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்று பிள்ளையின் அப்பா வழி சனம் கூடிப் பேசியபோது சுட்ட அதே இடத்தில் சுட்டது. பெற்றவன் வேறு கல்யாணம் செய்துகொண்டு கையைக் கழுவியிருந்தான். "வேற யார் கையிலயும் குடுத்துடாதேடி" என்று அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைப் பிடித்து வாங்கிக்கொண்ட வாக்கு ஒன்றுதான் அவளிடம் இருந்தது. இவ்வளவு பேரோடும் மல்லுக்கட்டி மீட்டுக்கொண்டு வந்த பிள்ளையை ஒரு பூனை ஒத்துக்கொள்ள வேண்டுமாம்.

"இந்த ஒரு ராத்திரி உங்க ரூம்ல ஒரு மூலை குடுங்க. பொழுது விடிஞ்சதும் போயிடுறோம்."

"இங்கயா? நல்லாயிருக்கே கதை!" சிரித்தார், ஆனால் சிரிப்பு வாயோடு நின்றது. "இதுக்கு முன்ன ஒரு பிள்ளையை இந்த ரூம்லதான் வெச்சுப் பூட்டினோம். அந்தக் கதவு இன்னும் மரத்து மேல இருக்கு. பகல்ல வந்திருந்தா காட்டியிருப்பேன்."

"விளையாடுறீங்களா?"

"விளையாடுற மூஞ்சியா இது? போங்கம்மா. இங்க நிக்காதீங்க."

புதிதாகப் போட்ட கதவு அவள் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. உள்ளே எதையோ இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று.

மைதானத்தில் வேறு ஒரே ஒரு வண்டிதான் இருந்தது, வீடுபோல் ஜன்னலும் திரையும் வைத்த பெரிய வேன். தட்டப் போனவளை, தட்டும் முன்பே ஜன்னல் ஒரு கை அகலம் திறந்து தடுத்தது. உள்ளே நரைத்த தலை ஒன்று.

"அங்கயே நில்லு. கிட்ட வராதே."

"அக்கா, பிள்ளைக்கு மட்டுமாவது ஒரு இடம் குடுங்கக்கா. நான் வெளியில உக்காந்துக்கறேன்."

"பிள்ளைக்குத்தான் இடம் கிடையாது. நீ வேணும்னா வா. அதை அங்க வெச்சுட்டு வா."

"நீங்களும் ஒரு பொம்பளையா?"

"பொம்பளையா இருக்கவேதான் சொல்றேன். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாத்தும்னு கேட்டதில்ல?"

"கேட்டிருக்கேன். அதுக்கு?"

"ஏன் மாத்துது? அதை யோசிச்சியா?"

வேனுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், "ஜன்னலைச் சாத்துடி முதல்ல, வாடை வருது" என்று அதட்டியது. ஜன்னல் மூடியது. திரை விழுந்தது. வேனின் விளக்கும் அணைந்தது.

போனில் சிக்னல் இல்லை. பாதையோ காட்டுக்குள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது? காருக்குப் போனாள். பின்சீட்டில் சொப்புவைக் கிடத்தித் தானும் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு கதவையும் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விழித்திருந்தாள். காருக்குள் சூட்டு ரப்பர் வாசனை, பூனை எச்சில் காய்ந்த பிள்ளையின் முடி வாசனை, தன்னுடைய வியர்வை. வெளியே சில்வண்டுகளின் இரைச்சல். மூச்சுக்காற்றில் கண்ணாடிகள் மெல்ல வெளுத்து மூடின.

எதற்காக மாற்றும்? கடுவன் பூனை வாடை பிடித்து வந்தால் மாற்றும். அப்படியென்றால் இந்தக் காட்டில் பிள்ளையைத் தேடி வேறு எதுவோ அலைகிறது, அதனிடமிருந்து பூனை ஒளிக்கிறது. அப்படி நினைக்கும்போது பயத்தோடு கொஞ்சம் நன்றிகூட வந்தது அவளுக்கு. சொப்புவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெற்றியை வருடினாள்.

முன்பக்கத்தில் தொப்பென்று ஏதோ குதித்தது. பானெட் மேல், வெளுத்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் உட்கார்ந்தது.

"சித்தி." சொப்பு விழித்திருந்தாள். எப்போதிலிருந்து? "கையை எடு."

"ஏன்டா கண்ணு? குளிருதா?"

"நீ தொட்டா வேற இடம் போகணுமாம்."

"யாரு சொன்னது?"

சொப்பு சுட்டுவிரலைத் தூக்கினாள். பானெட்டைக் காட்டவில்லை. மேலே காட்டினாள், காரின் கூரையை.

சித்தியின் கை பிள்ளையின் நெற்றியிலேயே நின்றுபோயிற்று. குட்டி போட்ட பூனை ஏன் இடம் மாற்றும்? கடுவனுக்காக மட்டும் இல்லை. பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று ஓயாமல் வந்து குட்டியைத் தொடுகிற கைக்காக. எடுத்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிற அந்நிய வாடைக்காக.

கார் ஆடியது.

காற்று என்று நினைத்தாள். தொட்டிலை ஆட்டுகிற மாதிரி அவ்வளவு பதமான ஆட்டம். டயருக்கடியில் சரளை நெரியவில்லை. சில்வண்டு இரைச்சல் கீழே கீழே போயிற்று. தலைக்கு மேல் தகரம் ஒரு தரம் முனகியது. காகிதத்தைக் கசக்குவதுபோலக் கூரையின் நடுவில் நாலு இடத்தில் பள்ளம் விழுந்தது. ஒரு பள்ளத்தின் நுனியில் தகரம் பிளந்து, அதன் வழியே கனமான சொட்டு ஒன்று இறங்கி அவள் மணிக்கட்டில் விழுந்தது. வெதுவெதுப்பாக.

பிறகு கார் இறங்கியது. பூவை வைப்பதுபோல.

கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தாள். மஞ்சள் விளக்கு இல்லை. வேன் இல்லை. மைதானமே இல்லை. நாலாபக்கமும் மரம்.

"சொப்பு, சித்தி மடியை விட்டு அசையாதே. மூச்சைக்கூட மெல்ல விடு."

எக்ஸ்ரே அறையில் தினமும் நூறு பேரிடம் சொல்கிற வார்த்தை. அசையாதீங்க. மூச்சைப் பிடிங்க. எல்லோரும் கேட்பார்கள்.

சொப்பு எழுந்து மண்டியிட்டாள். கதவின் பூட்டுக்குமிழைப் பிடித்தாள்.

"வேண்டாம்டா. தங்கமில்ல. வேண்டாம்..."

டக்.

கதவு திறந்தது. குளிர். புளித்த பால். சில்வண்டுகள் ஒரே சமயத்தில் வாயடைத்தன.

பிள்ளை வெளியே ஒரு அடி வைத்தாள். தலையைத் தாழ்த்தினாள். பின்னங்கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள், சடை போட உட்காருகிற பிள்ளைபோல.

சித்தி பாய்ந்தாள்.

கைக்குக் கால்தான் கிடைத்தது. மற்றதெல்லாம் அதற்குள் மேலே போயிருந்தது. இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டாள். மேலிருந்து இழுப்பு. பலமான இழுப்பு இல்லை. அவசரமும் இல்லை. பொறுமையாக இழுத்தது. அவளும் இழுத்தாள். குதிகால் மண்ணில் புதைய இழுத்தாள்.

"விடு! என் பிள்ளை அவ! விடு!"

பிள்ளையின் கழுத்துப் பக்கம் ஏதோ மெல்லக் கிழிந்தது. சட்டையா? சட்டையாக இருக்கட்டும். இந்த வயதில் கழுத்தெலும்பு எவ்வளவு மெல்லிசு என்று அவளுக்குத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்து எத்தனை படம் பார்த்திருக்கிறாள். மேலே இருப்பது பிடியைத் தளர்த்தாது. இன்னொரு இழுப்பு இழுத்தால் போதும்.

விட்டாள்.

சொப்பு அழவில்லை. கைகள் துவண்டு, முழங்கால் வயிற்றோடு ஒடுங்கி, மரக்கிளை உயரத்தில் தொங்கியபடி மெல்ல ஆடினாள். பிடரிக்கு மேல் இருட்டு மட்டும்தான். ஈரமான இருட்டு. மூச்சு விடுகிற இருட்டு.

"சொப்பு! சித்திடா! என்னைப் பாருடா!"

பிள்ளை குனிந்து பார்த்தாள். அடையாளம் தேடுகிற பார்வை. பிறகு மூக்கு சுருங்கியது. உதடு பின்னால் போயிற்று. சின்னச் சின்னப் பால்பற்கள் அத்தனையும் தெரிய, சித்தியைப் பார்த்துச் சீறினாள்.

மேலே, மரங்களின் உச்சியில், தரை அதிரும்படி குர்ர்ர் என்று ஓர் ஒலி எழுந்தது, பிள்ளையை மெச்சிக்கொள்வதுபோல.