வெள்ளிக்கிழமை காணாமல் போகும் மிளகு

"திருடி யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆதாரத்தை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க, போதும்" என்றார் வெங்கடாசலம்.

கணினிக் கோளாறு பார்க்கக் கீழே இருந்து வந்தவள் அம்சவேணி. கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி மலையேறி வந்து, பையை இன்னும் கீழே வைக்கக்கூட இல்லை. அதற்குள் தீர்ப்போடு நிற்கிற மனிதரைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலூர்பட்டியில் மிளகு மண்டி நடத்துகிறவர். வெள்ளிக்கிழமைதோறும் கணினியில் தேடினால் பாதி மூட்டைகள் இல்லை என்று வருமாம். யாராவது வந்து சரிசெய்தால் திரும்புமாம். அடுத்த வெள்ளி மறுபடி அதே கூத்து. கணக்கெழுதும் சுகந்தியைப் போன வாரச் சந்தையில், ஊரே பார்க்க, திருடி என்று கத்தியிருக்கிறார். நாளைக்குப் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறாராம்.

சுகந்தி சுவரோரம் நின்றிருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"பாஸ்வேர்டு இந்த அக்காகிட்டதான் இருக்குது மேடம்" என்று கிசுகிசுத்தான் அம்சவேணியோடு வந்த உதவியாளன் விஷ்ணு. "உள்ள பூந்து அழிச்சிருப்பாங்க."

"பறக்காத" என்று அவனை அடக்கிவிட்டு வெங்கடாசலத்திடம் திரும்பினாள் அம்சவேணி. "ஏனுங்க, குடோன்ல மூட்டை குறையுதுங்களா?"

வெங்கடாசலம் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் அப்படியே இருக்குதுங்க. கம்ப்யூட்டர்லதான் இல்லீங்க."

மூட்டை இருக்கிறதாம், திருட்டும் நடந்ததாம். என்ன மூளையோ என்று நினைத்துக்கொண்டு அம்சவேணி கணினியின் முன் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பதிவு ஒண்ணுகூட அழியலை. இண்டெக்ஸ்தான் கெட்டிருக்கு. புத்தகத்துல பக்கமெல்லாம் பத்திரம். எது எந்தப் பக்கம்னு சொல்ற பட்டியல் மட்டும் அரைகுறையா நிக்குது. திருடறவளுக்கு அந்தப் பட்டியலைக் கெடுத்து என்ன லாபம்?"

"அப்ப கரண்ட் போயிருக்கும் மேடம்!"

"யு.பி.எஸ். நல்லாத்தான் இருக்கு. கரண்ட் போனா அது தாங்கும். எழுதிட்டிருக்கப்பவே யாரோ மெஷினோட கழுத்தைத் திருகறாங்க."

அவள் குனிந்து, கணக்கெல்லாம் சேமித்து வைக்கிற சர்வர் பெட்டியின் முகப்பைப் பார்த்தாள். இரும்புப் பெட்டியிலும் தராசிலும் இருந்தது போலவே இதிலும் சந்தனம், குங்குமம். நடுவிலிருந்த வட்டத்தில் மட்டும் சந்தனம் அப்பி அப்பித் தடித்திருந்தது.

"வெள்ளிக்கிழமை பூசை யாருங்க பண்றது?"

"நானேதானுங்க! வேற ஆரையும் தொட உடமாட்டேன். காலையில திண்ணனூர் நாட்டுப் பக்கத்து ஊருங்கள்லருந்து வந்த சரக்குக் கணக்கு கம்ப்யூட்டர்ல ஏறிக்கிட்டிருக்கும் பாருங்க, அப்பத்தான். லட்சுமி உள்ள வர்ற நேரமில்லீங்களா?"

அம்சவேணி சர்வரில் இருந்த கணக்கையெல்லாம் முதலில் நகலெடுத்து வைத்தாள். "இப்ப ஒருக்கா பண்ணிக் காட்டுங்க."

வெங்கடாசலம் பெருமையோடு கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்தார். வட்டத்தில் வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தில் தொடங்கி, தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். பாதி சாமிகள் வருவதற்குள் சர்வரின் இரைச்சல் நின்றது. விளக்குகள் அணைந்தன.

"பாத்தீங்களா, அருள் வந்து அடங்கிருச்சு! சூடம் காட்டிட்டு மறுக்காத் தொட்டா எந்திரிச்சுக்குமுங்க."

விஷ்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் வந்து போன கெட்டிக்காரர்கள் இண்டெக்ஸை மறுபடி கட்டிக் கொடுத்தார்களே தவிர, ஒருத்தராவது இந்தச் சந்தனத்தைப் பார்த்தார்களா? தண்டம்!

"அது நெத்தி இல்லீங்க, பவர் பட்டன். அழுத்திப் பிடிச்சா, பாதி எழுத்துலயே மெஷின் செத்துப் போகும். வாரா வாரம் கொன்னது நீங்க. பழி இந்தப் பொண்ணு மேல."

வெங்கடாசலத்தின் முகம் தொங்கியது. விரலை வேட்டியில் துடைத்தபடி சுகந்தியின் பக்கம் திரும்பினார். "மெஷின் பண்ணுன கூத்து கண்ணு. மனசுல வெச்சுக்காத."

"சந்தையில என்னைத் திருடின்னது மெஷினுங்களா?"

அவர் குனிந்து பட்டன் மேலிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"இங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்றாள் சுகந்தி. "இன்னைக்கும் சந்தைதான். அன்னிக்குக் கத்துன எடத்துலயே வந்து, அதே மாதிரி கத்திச் சொல்லுங்க."

அவள் வெளியே இறங்கி நடந்தாள். வெங்கடாசலம் தப்பிக்க வழி கேட்பவர் போல அம்சவேணியைப் பார்த்தார்.

"செருப்பு வாசல்ல கெடக்குதுங்க, மாட்டிக்கிட்டு நடங்க" என்றாள் அம்சவேணி.