பெறுநர் தோரிகா

புது மெயில் சர்வரைப் போட்டு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கொப்பரைக் கம்பெனி அலுவலகத்தில் இன்னும் ஒருவருக்கும் மெயில் ஐடி கொடுக்கவில்லை, வெளியிலிருந்து வரும் இணைய வயரையும் செருகவில்லை. அதற்குள் யாரோ மெயில் கொடுக்க வந்து, வாங்க ஆளில்லாமல் திரும்பிப் போனதாகத் திரையில் ஒரு வரி விழுந்திருந்தது.

மெரேவாய் வாயிலிருந்த பொரித்த ரொட்டியை மெல்லாமல் அந்த வரியையே பார்த்தாள். அனுப்புநர், அபிசாய், நுகுசெரே கிளை. பெறுநர், தோரிகா. அப்படி ஒருவர் இங்கே இல்லை. பிறகு முயலவும்.

மின்விசிறி கடகடத்தது. பக்கத்துக் கொட்டகையிலிருந்து கொப்பரை நெடியும், படகுத்துறையிலிருந்து டீசல் வாசனையும், கரையோரச் சுடுநீர் ஊற்றுகளின் லேசான கந்தக வாடையும் ஒன்றாகக் கலந்து ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. சாவுசாவு விரிகுடா அன்று எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. எதிர் மேசையில் தோரிகா சரக்கு ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, ரொட்டி கசக்குதா? பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே."

"ஒண்ணுமில்ல. சூடு."

தோரிகா அவளை அண்ணி என்பது விளையாட்டுக்குத்தான். இரண்டு பேருடைய ஊர்களுக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை உண்டு. அபிசாய் தோரிகாவின் அண்ணன். மெரேவாய் எப்போது இந்த அலுவலகத்துக்குக் கணினி பழுதுபார்க்க வந்தாலும், அவன் நுகுசெரே தீவுக் கிளையிலிருந்து ஒரு மெயிலாவது அனுப்பி வம்பிழுப்பான். 'மச்சினி, உன் பெட்டி தூங்குதா, நீ தூங்குறியா?' என்பான். பதிலுக்கு அவளும் ஏதாவது திட்டி எழுதுவாள்.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. புயலன்று கடல் நுகுசெரேயின் மேல் ஏறிப் போனது. கிளை அலுவலகம், கொப்பரை உலர்த்தும் கொட்டகை, சிறிய சர்ச், எல்லாம் போயின. அபிசாயும் அவனோடு இருந்த கொப்பரை வெட்டுகிறவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாகப் பதினோரு பேர். ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை.

பழைய அமைப்பின் மிச்சம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று மெரேவாய் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் இது புத்தம்புது இயந்திரம், காலையில் தன் கையாலேயே அட்டைப்பெட்டியைக் கிழித்து எடுத்தது. நுகுசெரேயோடு பேசிய ரேடியோக் கம்பம் புயலில் முறிந்து, இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

பத்து நிமிடம் கழித்து இரண்டாவது வரி விழுந்தது. அபிசாய். தோரிகா. இங்கே இல்லை. பிறகு முயலவும்.

பத்து நிமிடம் என்பது அவளே வைத்த கணக்கு. நுகுசெரேக்குக் கணினி கொண்டுபோய் வைத்தபோது, ரேடியோ அடிக்கடி அறுந்துபோகும் என்பதால், அனுப்ப முடியாத மெயிலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி அனுப்பிப் பார் என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தாள். வழக்கமாக ஐந்து நாள் முயன்றுவிட்டு இயந்திரம் கைவிட்டுவிடும். அந்த ஐந்து நாள் வரம்பையும் அவள்தான் எடுத்துவிட்டாள். "கைவிடவே கைவிடாது மச்சான், உன்னை மாதிரியே," என்று அன்று அபிசாயிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது.

அந்த இயந்திரம் இப்போது கடலுக்கடியில்.

"அக்கா, என் ஐடி எங்க?" சரக்குக் கணக்கர் பிர்ஜு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயது, யாரைப் பார்த்தாலும் அக்கா, தம்பி என்பார். "எப்படிப் போடறதுன்னு எனக்கும் காட்டுங்க. ஒவ்வொரு தடவையும் உங்கள லபாசாவிலேருந்து பஸ் ஏத்தி வரவைக்க வேண்டாம் பாருங்க."

அவள் காட்டினாள். பெயரை அடி, கடவுச்சொல்லை அடி, இந்தப் பொத்தான், முடிந்தது. பிர்ஜுவுக்கு ஒன்று. சுவாவில் இருக்கும் முதலாளிக்கு ஒன்று. படகுத் தலைவர் சைருசிக்கு ஒன்று.

"எனக்கு?" என்றாள் தோரிகா.

"அப்புறம் போடறேன்."

"ஏன், நான் என்ன வேண்டாதவளா?"

"உன் கணினியில ஒரு சின்னக் கோளாறு. இரு."

கோளாறு எதுவும் இல்லை. தோரிகாவுக்கு ஐடி இல்லாதவரைதான் அந்த மெயில் வாசலோடு திரும்பிப்போகும். ஐடி போட்ட அடுத்த நொடி உள்ளே வந்து அவள் திரையில் உட்கார்ந்துவிடும். அதில் என்ன இருக்கும் என்று மெரேவாய்க்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஏன் அது மூன்று வருடத்துக்கு முன்பே வந்துசேரவில்லை என்பது மட்டும் இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

புயலன்று காலை எட்டு மணிக்கு அவள் இதே அறையில் இருந்தாள். மின்சாரம் போனாலும் பழைய மெயில் இயந்திரம் இரண்டு நாள் ஓட வேண்டும் என்பதற்காக மேசைக்கடியில் பெரிய பேட்டரி ஒன்று இருந்தது. வீட்டில் அவள் மகளுக்கு அப்போது நான்கு வயது, இருட்டென்றால் அலறுவாள். ஒரு ராத்திரிக்குத்தானே என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது, மெயில் இயந்திரமும் அதோடு அணைந்தது. சைருசி நண்பகல் வரை படகின் இன்ஜினை நிறுத்தாமல் துறையிலேயே காத்திருந்தார். "ஒரு வார்த்தை வந்திருந்தா போயிருப்பேன்," என்று விசாரணையில் அழுதார். புயலால் தொடர்பு அறுந்தது என்று எழுதி முடித்தார்கள். மெரேவாய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ராத்திரி அவள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது.

மூன்றாவது வரி ஏழே நிமிடத்தில் விழுந்தது.

நான்காவது ஐந்தில்.

அவள் நுகுசெரே என்ற பெயரையே ஏற்காதே என்று சர்வருக்கு உத்தரவு போட்டாள். வரி விழுந்தது. எழுந்து போய் மற்ற கணினிகளின் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கை ஈரமாக இருந்ததால் ஒரு வயர் இரண்டு முறை வழுக்கியது. இப்போது அந்தச் சர்வரோடு உலகத்தில் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரம் மட்டும்தான்.

வரி விழுந்தது. அபிசாய். தோரிகா.

மூன்று நிமிடம். அபிசாய். தோரிகா.

இரண்டு.

"என்ன அண்ணி, எல்லாத்தையும் பிடுங்கிப் போடறே?"

"சும்மா இரு தோரிகா!"

அப்படி அவள் ஒருநாளும் கத்தியதில்லை. தோரிகா ரசீதுகளைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். பிர்ஜு செருமினார். மெரேவாய் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தில் தண்ணீரை அடித்தாள். குழாயில் வந்த தண்ணீர் உதட்டில் கரித்தது. மறுபடி வாயில் வைத்துப் பார்த்தாள். உப்பு. குழாயை இறுக்கி மூடினாள். மூடிய பிறகும் சுவருக்குள் எங்கோ தண்ணீர் ஓடும் ஓசை, தொலைவிலிருந்து கிட்டே வருகிற மாதிரி, நிற்காமல் கேட்டது.

வெளியே மணி அடித்தது. புது மெயில் வந்தால் கேட்கும் சின்ன மணி.

அவள் ஓடி வந்தாள். பிர்ஜு அவள் நாற்காலியில் உட்கார்ந்து பெருமையாகச் சிரித்தார். "நானே போட்டுட்டேன் அக்கா, தோரிகாவுக்கு. வயரையெல்லாம் மறுபடி செருகிட்டேன். பாவம், எவ்வளவு நேரம் கேட்டுட்டே இருக்கும் பொண்ணு!"

தோரிகா திரையின் முன்னால் இருந்தாள். உதடுகள் அசைந்தன. பிறகு சத்தமாகவே படித்தாள். ரசீது வாசிப்பதைப் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"தோரிகா, படகை அனுப்பச் சொல்லு. சர்ச் படி வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. பதினோரு பேர் இருக்கோம். அண்ணியோட பெட்டி தூங்குது போல, பதிலே வரல. அவள எழுப்பு. சிரிக்காத, நிஜமாத்தான் சொல்றேன்."

பிர்ஜுவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "பழசா இருக்கும்மா. எங்கேயோ சிக்கிக் கிடந்து..."

"இன்னிக்குத் தேதி போட்டிருக்கு. ரெண்டு நாற்பதுன்னு போட்டிருக்கு." தோரிகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பத்தொன்று. "உடம்பு கிடைக்கலன்னு நான் எத்தனை தடவை சொன்னேன். ஒருத்தராவது கேட்டீங்களா?"

அவள் படியிறங்கித் துறைக்கு ஓடினாள். ஜன்னல் வழியே மெரேவாய் பார்த்துக்கொண்டிருந்தாள். சைருசி படகின் மேல்தட்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். தோரிகா கையை ஆட்டி ஏதோ சொன்னாள். அவர் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அசையாத கடல், மேகமில்லாத வானம். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெண்ணிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் மூன்று வருடமாக ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த மனிதர் அவர். கயிற்றை அவிழ்த்துவிட்டு இன்ஜினைப் போட்டார்.

நுகுசெரேக்கு இரண்டு மணி நேரம்.

தோரிகா திரும்பி வந்து அலமாரியிலிருந்த துண்டுகள், போர்வைகள், கொப்பரை மூடும் சுத்தமான சாக்குகள் எல்லாவற்றையும் எடுத்து மடித்து அடுக்கினாள். பெரிய கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். பதினோரு கோப்பைகள் சேரவில்லை. பக்கத்துக் கடையில் நான்கு வாங்கி வரும்படி பிர்ஜுவிடம் சொன்னாள். அவர் போய் வாங்கி வந்தார்.

சர்வரின் திரையில் அதற்குப் பிறகு ஒரு வரிகூட விழவில்லை. அந்த அமைதிதான் மெரேவாயால் தாங்க முடியாததாக இருந்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள். கடைசி பஸ் நாலரைக்கு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவு வரை போனாள். அங்கிருந்து திரும்பி வந்தாள்.

"தோரிகா."

"ம்."

"அன்னிக்கு பேட்டரியை நான்தான் எடுத்துட்டுப் போனேன். இந்த மேசைக்கு அடியில இருந்தது. என் வீட்டு விளக்குக்காக. அதனாலதான் உங்க அண்ணன் அனுப்பினது எதுவும் வரல. புயலால இல்ல."

போர்வையை மடித்துக்கொண்டிருந்த கைகள் நிற்கவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நீவி, அடுக்கின்மேல் வைத்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று மெரேவாய் காத்திருந்தாள்.

"அதை அவன்கிட்ட நீயே சொல்லு அண்ணி," என்றாள் தோரிகா. அடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டு துறைப் படிகளுக்குப் போய் உட்கார்ந்தாள்.

பஸ் போய்விட்டது. வெயில் மஞ்சளாகி, மேசைகளின் நிழல்கள் நீண்டு சுவரில் ஏறின. கெட்டில் கொதித்துக் கொதித்து அடங்கியது. ஐந்து மணிக்குப் படகோடு பேசும் ரேடியோ கரகரத்தது. பிர்ஜு பாய்ந்து எடுத்தார்.

"நுகுசெரேயில நிக்கறேன்." சைருசியின் குரல் களைத்திருந்தது. "ஒருத்தரும் இல்ல பிர்ஜு. சர்ச் படி மட்டும் நாலு கல்லு நிக்குது. ஆனா படியெல்லாம் ஈரமா இருக்குய்யா. அலையே இல்ல, கல்லு மட்டும் ஈரம். இப்பத்தான் யாரோ நனைஞ்ச துணியோட எழுந்து போன மாதிரி." "பொண்ணுகிட்டப் பக்குவமாச் சொல்லு. நான் திரும்பறேன். ஏழாயிடும்."

பிர்ஜு பெருமூச்சு விட்டார். தோரிகாவைக் கூப்பிடக் கதவருகே போனார். வாயைத் திறந்தார். கூப்பிடவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அக்கா," என்றார் திரும்பாமல். "படகு ஏழு மணிக்குத்தானே?"

மெரேவாய் ஜன்னலுக்கு வந்தாள்.

விரிகுடாவின் வாயில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் மீன் வலையின் மிதவைகள் என்று நினைத்தாள். மிதவைகள் ஒரே இடத்தில் நிற்கும். இவை வந்துகொண்டிருந்தன. தலைகள். சிலவற்றுக்கு மேலே இன்னொரு தலை, தோளில் தூக்கிய பிள்ளைகள். நெஞ்சளவுத் தண்ணீரில் நடப்பவர்களைப் போல, தோளை முன்னால் தள்ளித் தள்ளி, அவசரமில்லாமல் நடந்து வந்தார்கள். சரக்குக் கப்பல்கள் நங்கூரமிடும் இடம் அது. பதினைந்து ஆள் ஆழம்.

தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

எண்ணக் கூடாது என்று நினைத்தாள். எண்ணினாள். பதினொன்று.

தோரிகா எழுந்துவிட்டாள். "அண்ணா!" என்று கத்தினாள். சந்தோஷத்தில் உடைந்த குரல். படிகளில் இறங்கினாள். கணுக்கால். முழங்கால். இடுப்பு. துண்டை விரித்துக் கைகளை நீட்டினாள். முன்னால் வந்த ஆள் தன் தோளிலிருந்த பிள்ளையை இறக்கி அவளிடம் கொடுத்தான். கை காலியானதும் நிமிர்ந்து அலுவலக ஜன்னலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே படியில் கால் வைத்தான்.

தோரிகா பிள்ளையைத் துண்டில் சுற்றி மார்போடு சேர்த்துக்கொண்டாள். பிள்ளை அவள் தோளில் தலை சாய்த்து, ஜன்னல் பக்கம் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் கழுத்திலும் முதுகிலும் வழிந்து, நிற்காமல் ஒழுகியது. அவளோ, "அழாத கண்ணு, வந்தாச்சு, வந்தாச்சு" என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.