ஏழாவது பத்தி எங்கே?

காலை 10:22. பெரிய மண்டபத்தில் எண்ணூறு பேர் உட்கார்ந்திருக்க, ஒரே ஒருவர் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

எழுந்தவர் தீவுநாட்டுத் தூதர். ஐம்பது வயதுப் பெண்மணி. மேடையில் அப்போது படித்துக்கொண்டிருந்தவர் கடலோர நாடுகள் கூட்டணியின் தலைவர். குரல் வளத்துக்காக அவருக்கு வெண்கலத்தார் என்று பட்டப்பெயர். "பன்னிரண்டு நாடுகளின் சார்பாகப் பேசுகிறேன்" என்று கணீரென்று தொடங்கினார். ஒவ்வொரு நாட்டின் பெயரையும் நாக்கில் உருட்டிச் சொன்னார். பெயர் சொல்லப்பட்டவர்கள் அவரவர் இடத்தில் தலையசைத்தார்கள், கடைசி வரிசைப் பெரியவர் உட்பட. ஆறு பத்திகளை முடித்தார். பிறகு எட்டாவது பத்தியைப் படித்தார்.

ஏழாவது எங்கே? தாளிலேயே இல்லை.

அந்தப் பத்தி நான்கே வரி. கடல் விழுங்கும் ஊர்களை எப்போது, எங்கே பெயர்ப்பது என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும், உதவி தரும் நாடுகள் அல்ல. அவ்வளவுதான். ஆனால் தீவுநாட்டில் ஒன்பதாயிரம் பேரை மலையடிவாரத்துத் தகரக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோக உதவிநாடுகள் நாள் குறித்துவிட்டன. அதில் தூதரின் கூடப்பிறந்த அண்ணன் குடும்பமும் உண்டு. அந்த நான்கு வரி மாநாட்டுப் பதிவேட்டில் ஏறினால் அதைக் காட்டி வாதாடலாம். ஏறாவிட்டால் லாரிகள் வந்து நிற்கும். பதிவேடு மூடும் நேரம் பிற்பகல் ஒரு மணி.

10:41. கூட்டணியின் சின்ன அறை. ஜன்னல் கிடையாது, ஒரு நீள மேசை, பத்துப் பதினைந்து நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். கட்டடத்தின் காவல் அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். இருபத்தாறு வருடம் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்குவதால் எல்லாருக்கும் அவர் சாவியம்மா. துப்புத் துலக்குவதற்காக யாரும் அவரைக் கூப்பிடவில்லை, கூட்டணியின் எழுத்தரை வெளியே தள்ளுவதற்காகக் கூப்பிட்டார்கள்.

எழுத்தருக்கு முப்பது வயது இருக்கும். அவளுடைய கைப்பையை யாரோ மேசையில் கவிழ்த்திருந்தார்கள். சீப்பு, தலைவலி மாத்திரை, பிள்ளையின் ஒற்றைக் காலுறை எல்லாம் நாலு தூதர்களுக்கு முன்னால் பரப்பிக் கிடந்தன.

"இவதான் அடிச்சா, இவதான் அச்செடுத்தா. வேற யாரு?" என்றார் மீசைக்காரர். கூட்டணியிலேயே பெரிய நாட்டின் தூதர். "அடையாள அட்டையை வாங்கிட்டு வெளியே அனுப்புங்க."

"அனுப்பலாம்," என்றார் சாவியம்மா. "அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி."

"எனக்கு விலக்குரிமை இருக்கு. உங்களுக்கு நான் பதில் சொல்லவேண்டியதில்ல."

"விலக்குரிமை வாய்க்குத்தான் சார். காதுக்கு இல்ல. கேட்டுக்கிட்டே இருங்க."

மீசை துடித்தது. சாவியம்மா எழுத்தர் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. ஆரம்பத்துலேர்ந்து."

"நேத்து மூணு மணிக்குக் கடைசி வரைவைப் பதினோரு நாட்டுக்கும் மின்னஞ்சல்ல அனுப்பினேன்க்கா. காலையில ஒன்பது வரைக்கும் அமைதிக் கெடு."

"அப்படின்னா?"

"ஒன்பது மணிக்குள்ள யாரும் ஒண்ணும் சொல்லலன்னா எல்லாரும் ஒத்துக்கிட்டதா அர்த்தம். வேணாம்னா எழுத்துல வரணும், நாட்டோட பேர் போட்டு. ஒருத்தர் எழுதினாக்கூட மொத்த அறிக்கையும் நின்னுடும். யாரும் எழுதல. ஒன்பதுக்கு அச்செடுத்தேன். தலைவருக்குப் பெரிய எழுத்துல ஒண்ணு, மொழிபெயர்க்கறவங்களுக்கு ஒண்ணு. அவங்களோடதைக் கையோட கொடுத்துட்டேன். தலைவரோடது மஞ்சள் உறையில, இதே மேசையில."

"பூட்டலியா?"

"நம்ம ஆளுங்கதானே வர்றாங்கன்னு..." சொல்லிக்கொண்டே அவள் பிள்ளையின் காலுறையை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"பத்து மணி வரைக்கும் யார் யார் வந்தாங்க?"

"யார் வரலன்னு கேளுங்க. இவரு, அவரு, தலைவர், தீவு மேடம், எல்லாரும்தான்."

"வெளியில வேற எங்க அச்செடுக்கலாம்?"

"ஓய்வறையில ஒரு பொது மிஷின் இருக்கு. யார் வேணா அழுத்தலாம்."

அப்படியானால் வேலை சுலபம். வரைவு எல்லாரிடமும் இருந்தது. ஒரு பத்தியை நீக்கி, எண்களை மாற்றி, பெரிய எழுத்தில் அச்செடுத்து, மஞ்சள் உறையில் இருப்பதை மாற்றி வைக்க இருபது நிமிடம் போதும். இதற்குத் திருட்டுத் திறமை வேண்டாம்; முகத்தில் சலனம் காட்டாமல் இருக்கத் தெரிந்தால் போதும். அந்தக் கட்டடத்தில் அது தெரியாதவர்கள் யார்?

சாவியம்மா வெண்கலத்தாரைப் பார்த்தார்.

"படிக்கும்போது ஒரு பத்தி இல்லன்னு உங்களுக்குத் தெரியலியா சார்?"

"எப்படிப் படிச்சேன்னு கேளுங்கம்மா, சொல்றேன். என்ன படிச்சேன்னு கேக்காதீங்க," என்றார் அவர் பரிதாபமாக.

தீவுநாட்டுத் தூதர் மேசையை ஓங்கித் தட்டினார். "மூணு மாசம் ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டை போட்டேன் இவங்களோட! இந்த மீசைக்காரர் பதினாலு தடவை வெட்டச் சொன்னார். எண்ணி வெச்சிருக்கேன். இன்னும் என்ன விசாரணை?"

"வெட்டச் சொன்னேன், இல்லங்கல. இப்பவும் சொல்றேன், அது வீண் வம்பு பிடிச்ச பத்தி," என்றார் மீசைக்காரர். "ஆனா உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன். முதுகுக்குப் பின்னாடி எனக்கென்ன வேலை?"

"மூஞ்சிக்கு நேரா சொன்னவன் முதுகில குத்தமாட்டான்னு யார் சொன்னது?"

"தயவுசெஞ்சு..." என்று இருவருக்கும் நடுவில் கையை நீட்டினார் நான்காமவர். அவர் ஒருங்கிணைப்பாளர். கூட்டணிக்குள் பேசி முடிப்பதும், கூட்டணிக்கு வெளியே உள்ள நாடுகளோடு தொடர்பு வைப்பதும் அவர் பொறுப்பு. மரியாதை என்றே அவரைக் குறிப்பிடுவார்கள். மின்தூக்கியில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் பட்டம், பதவி பிசகாமல் வணக்கம் சொல்லி முடித்துவிட்டுத்தான் போகவேண்டிய மாடியின் எண்ணைச் சொல்வார். அதற்குள் அந்த மாடி தாண்டிப் போய்விடும். "மாண்புமிகு தூதர் அவர்களே, கோபப்படாதீங்க. நடந்தது எழுத்தரோட கவனக்குறைவு. அந்தப் பொண்ணை அனுப்பிட்டு நாம அடுத்ததைப் பார்ப்போம். ஒற்றுமை கெட்டா வெளியில சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்," என்றார் தீவுத் தூதர். "எங்க ஊர் மூழ்குது. உங்களுக்குச் சிரிப்புதான் கவலை."

சாவியம்மா எழுந்தார். வெண்கலத்தாரின் கோட்டுப் பையிலிருந்து அவர் படித்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு இங்கேயே இருக்கட்டும். பையில இருந்ததை யார் கொட்டினாங்களோ அவங்களே எடுத்து வைக்கட்டும்."

கடைசியில் மீசைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சீப்பை எடுத்தார்.

11:18. மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டு. ஒன்பது மணிக்குக் கொடுத்த பிரதி அங்கே இருந்தது. ஏழாவது பத்தியும் அதில் இருந்தது.

"அவர் தாவினதும் எங்களுக்கு மூச்சே நின்னுடுச்சு," என்றாள் கூண்டுக்காரி. "ஆரம்பத்துலயே கொஞ்சம் இடிச்சுது. அப்புறம் சரியாத்தான் போச்சு."

"எங்க இடிச்சுது?"

"ஞாபகமில்லம்மா. ஒரு வரி முடிஞ்சுது, அடுத்த வரி வந்துடுச்சு. எங்க பொழப்பு அப்படி."

சாவியம்மா மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு தாளையும் மடியில் விரித்தார். ஆள்காட்டி விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஏழாவது பத்திக்குப் போகவேண்டிய அவசியமே வரவில்லை. விரல் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

11:40. மண்டபத்தின் கடைசி வரிசை. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார். காதோடு பேசிய பேச்சு மூன்று நிமிடம். பிறகு கீழ்த்தளத்துத் தபால் மேசைக்குப் போய் அன்றைக்கு வந்த கடிதங்களின் நேரத்தைப் பார்த்தார்.

12:14. மீண்டும் சின்ன அறை. பதினோரு தூதர்களும் கூடியிருந்தார்கள். எல்லார் முகத்திலும் கடுகடுப்பு. சாப்பாட்டு நேரம் வேறு.

"சீக்கிரம் சொல்லிட்டுப் போம்மா," என்றது ஒரு குரல்.

"சொல்றேன். நீங்க எல்லாரும் காணாமப் போனதையே தேடினீங்க. கூடுதலா வந்ததை யாரும் பாக்கல." சாவியம்மா இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இந்தப் பொண்ணு அச்செடுத்ததுல பதினோரு நாடு. தலைவர் படிச்ச தாள்ல பன்னிரண்டு. வாய் தவறல, அச்சுலயே இருக்கு. கடைசியில ஒரு பேர்."

தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குனிந்தன.

"பின்வரிசைக்காரரோட நாடு," என்றார் வெண்கலத்தார் மெதுவாக. "அவங்க நம்ம கூட்டணியே இல்லியே."

"இல்ல. ஆனா கூட்டணிக்கு வெளியில இருக்கற நாடு ஒண்ணு உங்க அறிக்கையில தன்னையும் இணைச்சுக்கலாம், அது உங்க வழக்கம்தானே? இன்னிக்குக் காலையில அவங்க தலைநகரத்துலேர்ந்து தொலைபேசியில சம்மதம் வந்திருக்கு. அந்தக் கடைசி வரிசைப் பெரியவர் அதை ஒரே ஒருத்தர்கிட்ட வாய்ச்சொல்லாச் சொன்னாராம், மாடிப்படியில, ஒன்பது முப்பத்தஞ்சுக்கு. முறைப்படி கடிதம் தபால் மேசைக்கு வந்தது பத்து ஐம்பதுக்கு. அப்ப படிச்சு முடிஞ்சே போச்சு. ஆக, அந்தப் பேரை அச்சடிச்சவர் யாரோ, அவர்தான் மாடிப்படியில அந்தச் சேதியைக் கேட்டவர்."

"யாரு?" என்றார் தீவுத் தூதர்.

சாவியம்மா மரியாதையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

அவர் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். "நான் கேட்டது உண்மை. போற போக்குல யார்கிட்டயாவது சொல்லியிருப்பேன். அவங்க..."

"யார்கிட்ட சொன்னீங்க சார்? பேர் சொல்லுங்க. இங்கேயே இருக்காங்களான்னு கேட்டுடலாம்."

மரியாதை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றார் சாவியம்மா. "ஒரு பத்தியையே முழுங்கத் துணிஞ்சவர், அந்தப் பேரைப் போடாம விட்டிருந்தா நான் என்ன, யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. ஏன் போட்டீங்க?"

"போடாம எப்படிம்மா?" மரியாதையின் குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. "இணையறோம்னு ஒரு நாடு சொன்ன பிறகு பேரை விட்டுட்டுப் படிச்சா அது எவ்வளவு பெரிய அவமதிப்பு! அந்தப் பெரியவர் அங்கேயே உட்கார்ந்திருக்கார்..."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது.

தீவுத் தூதர் எழுந்து அவர் எதிரே போய் நின்றார். கத்தவில்லை. "ஒரு ஆளோட மனசு நோகக்கூடாது. ஒன்பதாயிரம் பேர் வீடு போகலாம். அப்படித்தானே?"

"உதவிநாடுகளோட வட்டார அலுவலகம் எங்க தலைநகரத்துக்கு வருது," என்றார் அவர் தரையைப் பார்த்து. "அந்தப் பத்தி இருந்தா வராதுன்னு சொல்லிட்டாங்க."

"வேணாம்னா ஒன்பது மணிக்குள்ள ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எழுதினா எங்க நாட்டோட பேர் போடணும்."

"ஓகோ. என் கையை வெட்டணும், உன் கத்தியில ரத்தம் படக்கூடாது." மரியாதையை அதுவரை யாரும் ஒருமையில் பேசியதில்லை.

12:31. குற்றவாளி கிடைத்துவிட்டான், கதை முடிந்தது என்று யாராவது நினைத்தால், பொறுக்க வேண்டும். அந்தப் பத்தி இன்னும் வெளியேதான் கிடந்தது. படித்த அறிக்கையைத் திருத்த வேண்டுமானால் கூட்டணி முழுவதும் சேர்ந்து கேட்க வேண்டும். அந்த முழுவதில் திருடியவரின் நாடும் அடக்கம்.

வெண்கலத்தார் வியர்த்தார். "இவர் ஒத்துக்கலன்னா என்ன செய்யறது? மறுபடி படிக்கறது சங்கடம்... வெளியில என்ன சொல்லுவாங்க..."

"தலைவரே," என்றார் மீசைக்காரர். "அந்தப் பத்தி எனக்கு ஆகாது. சண்டை போட்டேன், தோத்தேன். தோத்தது தோத்ததுதான். அமைதிக் கெடு வையுங்க. பத்து நிமிஷம். ஆகாதுன்னு நினைக்கறவன் பேர் போட்டு எழுதட்டும், பாக்கலாம்."

எழுத்தர் ஏற்கெனவே திருத்தத்தை அடித்து முடித்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதினோரு பேர் முன்னாலும் ஒவ்வொரு தாளாக வைத்தாள். மரியாதை முன்னால் வைக்கும்போது பேனாவையும் மூடி திறந்து வைத்தாள்.

12:36. கெடு தொடங்கியது.

யாரும் பேசக்கூடாது என்பதில்லை. ஆனாலும் யாரும் பேசவில்லை. மரியாதையின் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். அவருடைய தலைநகரம்தான் கூப்பிடுகிறது என்று எல்லாருக்கும் புரிந்தது. அது நின்றது; மறுபடி அதிர்ந்தது. அவர் பேனாவை எடுத்தார். தாளின் மேல் முனையை வைத்தார். முனை பட்ட இடத்தில் மை ஒரு பொட்டாகப் பரவியது. தீவுத் தூதர் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

12:46. மரியாதை பேனாவைக் கீழே வைத்தார். பொட்டுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

"ஏற்கப்பட்டது," என்றாள் எழுத்தர்.

12:53. மண்டபம். வெண்கலத்தார் வழிவிட, தீவுத் தூதரே மேடையேறினார். உதவிநாடுகளின் வரிசை அவருக்கு நேர் எதிரே இருந்தது. அவர் தன் மொழியில் ஏழாவது பத்தியின் முதல் வரியைத் தொடங்கினார்.

எதிர் வரிசையில் ஒருவர் காதிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். அடுத்தவரும் கழற்றினார். பிறகு அந்த வரிசை முழுவதும். கருவிகள் மேசையில் வைக்கப்படும் சத்தம் வாசலில் நின்ற சாவியம்மா வரை கேட்டது.

தீவுத் தூதர் நிறுத்தினார். தாளிலிருந்து தலையைத் தூக்கினார். கருவியைக் கழற்றிய அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார், இந்தத் தடவை அவர்களுடைய மொழியில்.