ஏரிக்கு அப்பால் ஒரு குரல்

காலை 6.10. சர்வேயர் எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான், ஒரு டம்ளர் போதும். நடு அறைக்குப் போய்க் கணினியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். எரிந்தது. மனைவி போனதிலிருந்து தினமும் இதே வரிசைதான்.

இன்று ஒரு வேலை கூடுதல். மெமரியில் இருப்பதைக் காட்ட அவள் எப்போதோ கற்றுக்கொடுத்த கட்டளையை அடித்தான். திரையில் F, F, F. கடைசி வரை F. குரலைக் காணோம்.

அவள் கணினியின் அடித்தள மென்பொருளான கர்னலை எழுதும் பொறியாளர். படுக்கையில் விழுந்த பிறகு, தலைமாட்டு மைக்கிலிருந்து தன் குரல் அவன் அறையில் கேட்கும்படி செய்திருந்தாள். கடைசியாகப் பேசியது மட்டும் மெமரியில் நிற்கும். வட்டில் பதியாது, மின்சாரம் போனால் அதுவும் போச்சு. அந்த இரவு அவன் அசந்து தூங்கிவிட்டான். விடிந்தபோது அவள் மூச்சு இல்லை. வேறு சத்தம் மேலே பதியாதிருக்க மைக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியை மட்டும் அணைக்காமல் காத்தான். கேட்கத் துணிவில்லை. அவள் கூப்பிட்டும் அவன் எழுந்திருக்காமல் போயிருந்தால்?

நேற்று அவள் தம்பி வந்து வீட்டைப் பெருக்கினான். கணினியை நகர்த்தினான். அதனால்தான் இன்று இந்தச் சோதனை; உடனே தம்பியைப் போனில் பிடித்தான்.

"பிளக்கைப் புடுங்கினியா?"

"இல்ல மாமா. பேட்டரியோட சேத்துத்தான் தூக்கினேன்."

"அப்ப குரல் எங்க?"

இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிப் போனை வைத்தான் சர்வேயர்.

11.30. மனைவியோடு வேலை பார்த்தவள் வந்தாள். ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எந்தப் பிழையும் அவளிடம் தப்பாது. விஷயத்தைச் சொன்ன தம்பியையும் கையோடு அழைத்து வந்திருந்தாள். திரையை ஒரு பார்வை பார்த்தாள். கணினி எப்போது வாங்கியது என்று கேட்டாள். பழையது புகைந்துபோனதால், மனைவியே கடைசியாக மாற்றியது என்றான். கட்டளை? பழையதில் கற்றதுதான். மெமரியில் குரல் இருக்கும் இடத்தின் எண்கூட மனப்பாடம்.

பூதக்கண்ணாடி சிரித்தாள்.

"தம்பி நிரபராதி. கரண்ட் போயிருந்தா மெமரியில கன்னாபின்னான்னு குப்பை இருக்கும். யாராவது அழிச்சிருந்தாலும் ஓரத்துல ஏதாவது ஒட்டியிருக்கும். இங்க வரிசையா வெறும் F, ஒரு தூசிகூட இல்ல. குப்பையே இல்லாத தெருன்னா என்ன அர்த்தம்?"

"ஆள் குடியில்ல."

"தெருவே இல்லைண்ணா. கர்னல் முழிச்சதும், எங்கெங்க மெமரி இருக்குன்னு ஹார்டுவேர்கிட்ட கேட்டு வரைபடம் போட்டுக்கும். ஒவ்வொரு வன்பொருளும் ஒவ்வொரு மாதிரி. உங்க பழைய போர்டுல எல்லாம் ஒரே துண்டு. இதுல ரெண்டு துண்டு; நடுவுல இருக்கிற எண்களைத் திரை, நெட்வொர்க் மாதிரி சாதனங்களுக்கு ஒதுக்கிட்டாங்க. நீங்க சொன்ன எண் அந்த நடுவுல விழுது. அங்க மெமரியே கிடையாது. நிலத்தை அளக்கிறவர் நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். சர்வே எண் தொடர்ந்து ஓடும். நடுவில் ஏரி கிடக்கும். வயல் அக்கரையில் இருக்கும். நட்ட கல்லை நம்பும் தொழில் அவனுடையது. அந்தக் கல் வேறு ஊருடையது என்று தோன்றவேயில்லை.

"குற்றவாளி அந்தப் பழைய எண்தான்," என்றவள் கர்னலின் வரைபடத்தைத் திறந்தாள். மேல்துண்டில், மனைவி குரலுக்காகக் கேட்டு வாங்கிய இடம் அப்படியே இருந்தது. முதல் வேலையாக அதை வட்டில் நகலெடுத்தாள்.

சர்வேயர் தம்பியின் தோளைப் பிடித்தான். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. "சாப்பிட்டுட்டுப் போ" என்றான். தம்பி தலையாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். பூதக்கண்ணாடிக்குச் சர்வேயர் கைகூப்பினான். அவள் அந்தக் கைகளைப் பிரித்து ஹெட்போனைக் கொடுத்துவிட்டு, தம்பியோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

போர்வை உரசும் சத்தம். பிறகு மனைவியின் குரல்.

"கூப்பிடலைங்க, எழுந்து வராதீங்க. இன்னிக்கு வலியே இல்ல. சொல்லணும்னு தோணுச்சு."